ஜூம் அவுட் செய்தால் குன்று எங்கே போகிறது? வரைபடங்கள் மலையை 'எளிமையாக்கும்' கதை

போனில் ஏதாவது ஒரு மேப் செயலியைத் திறந்து, டெரெய்ன் லேயரை ஆன் செய்யுங்கள். ராஜஸ்தானின் அல்வார் பக்கம் போய், ஆரவல்லி மலைத்தொடரை நன்றாக ஜூம் செய்து பாருங்கள். சின்னச் சின்னக் குன்றுகள், நடுவே ஓடைகள், முகடுகள் எல்லாம் தெரியும். இப்போது மெதுவாக ஜூம் அவுட் செய்யுங்கள். முதலில் ஓடைகள் போகும். அப்புறம் குன்றுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். கடைசியில் ஒரு பழுப்புத் தீற்றல்தான் மிஞ்சும்.

நிலத்தில் எதுவும் மாறவில்லை. குன்றுகள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. அப்படின்னா, எது இருக்கணும், எது போகணும் என்று யார் முடிவு செய்தது?

ஒரு காலத்தில் அந்த முடிவை மேசை மீது குனிந்து, பேனாவும் மையுமாக உட்கார்ந்திருந்த வரைபடக் கலைஞர் எடுத்தார். இன்று பெரும்பாலும் ஒரு அல்காரிதம் எடுக்கிறது. 'இது மேப் போடுறவங்க பிரச்சினை, நமக்கென்ன?' என்று கடந்துபோக முடியாது. நாட்டின் கடற்கரை எத்தனை கிலோமீட்டர், எந்த மேட்டை 'மலை' என்று சட்டம் ஒப்புக்கொள்ளும், நீங்கள் வாங்கப்போகும் மனை நிலச்சரிவு அபாயப் பகுதியில் இருக்கிறதா என்கிற கேள்விகளுக்கான பதில்கள் எல்லாம் இந்த எளிமையாக்கலோடு பிணைந்திருக்கின்றன.

முதலில், டோப்போஷீட் என்றால் என்ன?

நிலத்தின் மேடுபள்ளங்களை உயரத்தோடு சேர்த்துக் காட்டுவதுதான் நிலத்தோற்ற வரைபடம். அலுவலகங்களில் 'டோப்போஷீட்' என்பார்கள். இந்தியாவில் இதைத் தயாரிக்கும் பொறுப்பு, 1767-ல் தொடங்கப்பட்டு இப்போது டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் சர்வே ஆஃப் இந்தியாவுக்கு உரியது. நாட்டையே முக்கோணம் முக்கோணமாக அளந்த புகழ்பெற்ற மாபெரும் முக்கோணவியல் சர்வே, 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிப்படைக் கோட்டை அளந்ததில் இருந்துதான் தொடங்கியது.

டோப்போஷீட்டின் உயிர் அதிலுள்ள சம உயரக் கோடுகள், அதாவது காண்டூர்கள். கடல் மட்டத்தில் இருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை எல்லாம் இணைத்தால் ஒரு காண்டூர் கிடைக்கும். 1:50,000 ஸ்கேல் ஷீட்டில் பெரும்பாலும் 20 மீட்டருக்கு ஒரு கோடு இருக்கும். 200, 220, 240 என்று போகும். கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்தான சரிவு, விலகி இருந்தால் சமவெளி. அவ்வளவுதான்.

ஸ்கேலையும் ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். 1:50,000 என்றால் வரைபடத்தில் 1 செ.மீ., நிலத்தில் 500 மீட்டர். 1:2,50,000 என்றால் அதே 1 செ.மீ., 2.5 கிலோமீட்டர். முதல் ஷீட்டில் 25 சதுர செ.மீ. இடம் எடுத்துக்கொள்ளும் ஒரு பள்ளத்தாக்குக்கு, இரண்டாவதில் 1 சதுர செ.மீ.தான் கிடைக்கும். அத்தனை விவரத்தையும் அதற்குள் திணித்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மை கொட்டியது போல ஆகிவிடும்.

அதனால் சிலவற்றை நீக்கணும், சிலவற்றைச் சேர்க்கணும், சிலவற்றைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டணும். வரைபடவியலில் இதற்கு ஜெனரலைசேஷன் என்று பெயர். தமிழில் பொதுமைப்படுத்தல் எனலாம்.

எத்தனையை நீக்குவது? ஒரு கணக்கு இருக்கிறது

1966-ல் டாப்ஃபர், பில்லிவைசர் என்ற இருவர் ஒரு எளிய விதியை ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். பெரிய ஸ்கேலில் இருந்து சிறிய ஸ்கேலுக்குப் போகும்போது, எத்தனை அம்சங்கள் மிஞ்சலாம் என்பதை இரு ஸ்கேல்களின் விகிதத்தின் வர்க்கமூலம் சொல்லும். 1:50,000-ல் 100 குன்றுகள் இருந்தால், 1:2,50,000-க்குப் போகும்போது ஸ்கேல் 5 மடங்கு சுருங்குகிறது. ஐந்தில் ஒன்றின் வர்க்கமூலம் சுமார் 0.45. ஆக, ஏறத்தாழ 45 குன்றுகள் மிஞ்சலாம்.

எத்தனை என்று விதி சொல்லிவிடுகிறது. எந்த 45 என்பதைச் சொல்லாது. சிக்கலே அங்கேதான். உயரமானதை வைப்பதா? ஊருக்குப் பக்கத்தில் தனியாக நிற்பதை வைப்பதா? சமவெளி நடுவே இருக்கும் 30 மீட்டர் குன்று அந்த ஊருக்கே அடையாளம். இமயமலையில் அதே 30 மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. மனிதக் கண்ணுக்குப் புரிகிற இந்த வித்தியாசத்தை கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கம்ப்யூட்டர் ஒரு கோட்டை எப்படி எளிமையாக்குகிறது?

கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஒரு காண்டூர் என்பது வரிசையாக இருக்கும் புள்ளிகள். ஆயிரம் புள்ளிகள் இருந்தால், வடிவம் கெடாமல் அதை நூறாகக் குறைக்கணும். இதற்கு இரண்டு வழிகள் மிகப் பிரபலம்.

முதலாவது, 1973-ல் டேவிட் டக்ளஸ், தாமஸ் பாய்க்கர் இருவரும் வெளியிட்டது. கோட்டின் தொடக்கத்தில் இருந்து முடிவுவரை ஒரு நூலை நேராக இழுத்துக் கட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நூலில் இருந்து மிகவும் விலகி நிற்கும் புள்ளி எது என்று பார்க்கிறது. அந்த விலகல் நாம் வைத்த வரம்பைவிட அதிகமா? அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு, கோட்டை அங்கே இரண்டாகப் பிரித்து, இரு பாதிகளிலும் அதே வேலையைத் திரும்பச் செய்கிறது. குறைவா? நடுவில் இருப்பதை எல்லாம் தூக்கிவிடுகிறது.

இரண்டாவது, 1993-ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தது. உருவாக்கியவர்கள் மகேஸ்வரி விஸ்வலிங்கம், ஜேம்ஸ் வயட். ஒவ்வொரு புள்ளியும் அதன் இரு பக்கத்துப் புள்ளிகளோடு சேர்ந்து ஒரு முக்கோணத்தை உண்டாக்கும் இல்லையா? எந்த முக்கோணத்தின் பரப்பு மிகச் சிறியதோ, அந்தப் புள்ளி போனால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. முதலில் அதை நீக்கு, அடுத்ததைப் பார். இவ்வளவுதான் தத்துவம். நீங்கள் டேட்டா விஷுவலைசேஷன் வேலையில் இருந்தால், மேப்ஷேப்பர் போன்ற கருவிகளில் இந்த விஸ்வலிங்கம் பெயரைப் பார்த்திருப்பீர்கள்.

மாநில எல்லை, சாலை, கடற்கரைக்கு எல்லாம் இந்த முறைகள் நன்றாகவே வேலை செய்யும். மலையில்தான் மாட்டிக்கொள்கின்றன.

மலையில் என்ன சிக்கல்?

காண்டூர் தனி ஆள் இல்லை, ஒரு குடும்பம். 220 மீட்டர் கோட்டையும் 240 மீட்டர் கோட்டையும் தனித்தனியாக எளிமையாக்கினால், செங்குத்தான சரிவில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளலாம். அப்படி வெட்டினால், ஒரே இடத்துக்கு இரண்டு உயரம் என்று அர்த்தம்!

இன்னொரு சிக்கல் ஆறு. காண்டூர் ஒரு ஓடையைக் கடக்கும் இடத்தில், ஓடை வரும் திசையை நோக்கிக் கூர்மையாக மடங்கித் திரும்பும். அந்தக் கூர்முனைதான் 'இங்கே பள்ளத்தாக்கு இருக்கு' என்று சொல்லும் அடையாளம். அல்காரிதத்துக்கோ அது ஒரு சிறிய பிசிறு. அதை வெட்டிவிட்டால், வரைபடத்தில் ஆறு பள்ளத்தாக்கை விட்டுவிட்டுச் சரிவின் மேல் ஏறிப் போவதுபோலத் தெரியும்.

அதனால் இப்போது பலரும் கோட்டை விட்டுவிட்டு, அதற்கு அடியில் இருக்கும் நிலத்தையே எளிமையாக்குகிறார்கள். நிலத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு உயரம் கொடுத்தால், அது டிஜிட்டல் எலிவேஷன் மாடல், சுருக்கமாக டெம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம், இஸ்ரோவின் கார்ட்டோசாட்-1 படங்களில் இருந்து உருவான கார்ட்டோடெம் இரண்டும் இந்த வகைதான். முதலில் டெம்மை மென்மையாக்கிவிட்டு, அதில் இருந்து காண்டூர்களை வரைந்தால், கோடுகள் ஒன்றையொன்று வெட்டாது.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. மென்மையாக்க எளிய வழி, ஒவ்வொரு சதுரத்துக்கும் அதையும் சுற்றியுள்ள எட்டையும் சேர்த்துச் சராசரி போடுவது. நடுவில் ஒரு உச்சி 100 மீட்டர், சுற்றியுள்ள எட்டுச் சதுரங்களும் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 580. ஒன்பதால் வகுத்தால் 64.4. அதாவது, ஒரே ஒரு தடவை சராசரி போட்டதில் அந்த உச்சி கிட்டத்தட்ட 36 மீட்டர் இறங்கிவிட்டது. பள்ளத்தாக்குக்கு நேர் எதிராக நடக்கும், அடிப்பகுதி மேலே ஏறும்.

இதைத் தவிர்க்க, சூரிச் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வைபல் 1990களின் தொடக்கத்திலேயே ஒரு யோசனை சொன்னார். எல்லா நிலத்துக்கும் ஒரே மருந்து கொடுக்காதீர்கள். முதலில் மலைமுகடுகளையும் ஓடைகளையும் கண்டுபிடியுங்கள். அவைதான் நிலத்தின் எலும்புக்கூடு. அதில் முக்கியமில்லாத கிளைகளை நீக்கிவிட்டு, மிச்சமிருப்பதை வைத்து நிலத்தைத் திரும்பக் கட்டுங்கள் என்பது அந்த யோசனை. நல்ல வரைபடக் கலைஞர்கள் கையால் செய்துவந்ததும் ஏறக்குறைய இதுதான்.

ஏஐ இதில் வந்துவிட்டதா?

வந்துவிட்டது. மலையை நிழல் கொடுத்து வரைவதில் சுவிஸ் கலைஞர்கள் பேர்போனவர்கள். அந்த மரபின் பெரிய பெயர் எட்வார்ட் இம்ஹோஃப். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் ஜென்னியும் சூரிச் இடிஹெச் ஆய்வாளர்களும், கையால் வரைந்த சுவிஸ் வரைபடங்களைக் கொடுத்து ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கினார்கள். எந்த முகட்டை அழுத்திக் காட்டணும், எந்தச் சில்லறை விவரத்தை விட்டுவிடலாம் என்பதை அது கலைஞரைப் பார்த்தே கற்றுக்கொண்டது. இதை அடிப்படையாகக் கொண்டு வந்த மென்பொருளுக்கு, இம்ஹோஃப் நினைவாக 'எட்வார்ட்' என்றே பெயர்.

அரசு அமைப்புகளும் இதில் தூரம் வந்துவிட்டன. நெதர்லாந்தின் நில ஆவண அமைப்பான கடாஸ்டர், தன் 1:10,000 தரவில் இருந்து 1:50,000 வரைபடத்தை மனிதக் கை படாமல் தானாகவே உருவாக்கும் முறைக்கு 2013-ல் மாறியது. ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். நெதர்லாந்து தட்டையான நாடு. அங்கே சவால் கட்டடங்களும் சாலைகளும்தான், மலை இல்லை. அமெரிக்காவில் 2009-ல் தொடங்கிய யுஎஸ் டோப்போ வரிசையில், காண்டூர்களை உயரத் தரவில் இருந்து மென்பொருளே வரைகிறது.

சரி, இதனால் நமக்கென்ன?

மூன்று உதாரணங்கள் பார்க்கலாம்.

ஒன்று: நாட்டின் கடற்கரை 'வளர்ந்தது'

பள்ளியில் நீங்கள் படித்த எண் நினைவிருக்கிறதா? இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516.6 கிலோமீட்டர். இப்போதைய அதிகாரபூர்வ எண் 11,098.81 கிலோமீட்டர். குஜராத் 1,214.7-ல் இருந்து 2,340.62 ஆனது. தமிழ்நாடு 906.9-ல் இருந்து 1,068.69 ஆனது.

கடல் பின்வாங்கவில்லை, புது நிலமும் முளைக்கவில்லை. பழைய எண் 1:45,00,000 ஸ்கேல் வரைபடத்தில் இருந்து எடுத்தது. புதியது 1:2,50,000-ல் எடுத்தது. பழைய வரைபடத்தில் நேர்க்கோடாக இருந்த இடத்தில், புதியதில் கழிமுகமும் உப்பங்கழியும் வளைவுகளும் தெரிகின்றன. அவற்றைச் சேர்த்து அளந்தால் நீளம் கூடத்தானே செய்யும்? கணிதவியலாளர் மாண்டல்பிராட், பிரிட்டன் கடற்கரையை வைத்து 1967-ல் இதே கேள்வியைத்தான் எழுப்பினார். அளவுகோல் சிறிதாக ஆக, கடற்கரை நீண்டுகொண்டே போகும். எந்த ஸ்கேல் என்று சொல்லாமல் கொடுக்கிற நீளத்துக்கு அர்த்தமே இல்லை.

இரண்டு: எது மலை?

2025 நவம்பர் 20 அன்று, ஆரவல்லி மலைக்கு ஒரு குழு பரிந்துரைத்த வரையறையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. சுற்றியுள்ள நிலத்தில் இருந்து 100 மீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்து நிற்பதுதான் ஆரவல்லி மலை என்பது அதன் சாரம். அந்த உயரத்தை எங்கிருந்து அளப்பது? அந்த நில அமைப்பைச் சுற்றி வரும் மிகத் தாழ்வான காண்டூரில் இருந்து. சுரங்க அனுமதியோடு தொடர்புடைய விஷயம் என்பதால் கடும் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் 29 அன்று நீதிமன்றமே தன் உத்தரவை நிறுத்தி வைத்து, விஷயத்தை நிபுணர்கள் மறுபடி ஆராய வேண்டும் என்றது.

அரசியல் வாதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, காண்டூர் கணக்கை மட்டும் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொள்ளும் ஒரு கற்பனைக் குன்று. சுற்றியுள்ள சமவெளி 202 மீட்டரில் இருக்கிறது, உச்சி 310 மீட்டரில் இருக்கிறது. உண்மையான உயரம் 108 மீட்டர்.

20 மீட்டர் இடைவெளியில் கோடு போட்டால், இந்தக் குன்றைச் சுற்றி வரும் முதல் கோடு 220. அங்கிருந்து உச்சிவரை 90 மீட்டர்தான். வரையறைப்படி இது மலை இல்லை. அதே குன்றுக்கு 5 மீட்டர் இடைவெளியில் கோடு போடுங்கள். முதல் கோடு 205-ல் வரும். உயரம் 105 மீட்டர். இப்போது இது மலை!

குன்று ஒன்றுதான். கோட்டின் இடைவெளி மாறியதும் விடையும் மாறிவிட்டது. இதோடு, முன்பு பார்த்த சராசரிக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மென்மையாக்கிய டெம்மில் உச்சியும் இறங்கியிருக்கும். 205-ல் தொடங்கி மேலே 219-ல் முடியும் சிறு குன்றுகளின் கதை இன்னும் மோசம். 200-க்கும் 220-க்கும் நடுவே சிக்கி, ஒரு கோடுகூடக் கிடைக்காமல், 20 மீட்டர் காண்டூர் வரைபடத்தில் இருந்தே காணாமல்போகும். 100 மீட்டர் சரியா தவறா என்று விவாதிக்கும்போது, எந்த ஸ்கேல், எத்தனை மீட்டர் காண்டூர், எந்த டெம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மூன்று: நிலச்சரிவு

30 மீட்டர் தூரத்தில் 30 மீட்டர் உயரும் ஒரு சரிவின் கோணம் 45 டிகிரி. அதைச் சுற்றி நிலம் சமம் என்று வையுங்கள். 90 மீட்டர் சதுரங்கள் கொண்ட டெம்மில், அதே 30 மீட்டர் ஏற்றம் 90 மீட்டருக்குப் பரவிவிடும். கோணம் சுமார் 18 டிகிரி ஆகிவிடும். செங்குத்துச் சரிவு, வரைபடத்தில் சாதுவான மேடாகிறது. தரவு கரடுமுரடாக ஆக ஆக, கணக்கில் வரும் சரிவு குறைந்துகொண்டே போகும் என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்த விஷயம்.

இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் தேசிய அளவில் தயாரித்துள்ள நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்கள் 1:50,000 ஸ்கேலில் உள்ளவை. மாவட்ட அளவில் எங்கே கவனம் வேண்டும் என்று திட்டமிட அவை மிகவும் பயனுள்ளவை. ஆனால் அந்த ஸ்கேலில் 1 மி.மீ. என்பது 50 மீட்டர். 10 மீட்டர் அகல வீடு, 0.2 மி.மீ. மட்டுமே. பென்சில் கோடே அதைவிடத் தடிமனாக இருக்கும். 'மேப்பில் பச்சைக் கலர்தான் சார் இருக்கு, தாராளமா வாங்குங்க' என்று மலையில் மனை விற்பவர் சொன்னால், அந்த வரைபடத்தின் ஸ்கேல் என்ன என்று திருப்பிக் கேளுங்கள். தனி மனைக்கு அந்த இடத்திலேயே செய்யும் மண், சரிவு ஆய்வுதான் பதில் சொல்லும்.

இந்தியாவில் அடுத்து என்ன?

2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடத் தரவு மீதான கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தியது. 2022 டிசம்பரில் தேசிய புவிசார் கொள்கை வந்தது. ஊர், நகரப் பகுதிகளுக்கு 5 முதல் 10 செ.மீ. துல்லியத்திலும், காடு, தரிசு நிலங்களுக்கு 50 முதல் 100 செ.மீ. துல்லியத்திலும் 2030-க்குள் நிலத்தோற்றத் தரவு வேண்டும் என்பது அதன் இலக்கு. உயர மாடலுக்கு, சமவெளியில் 25 செ.மீ., மலைப்பகுதியில் 1 முதல் 3 மீட்டர்.

இவ்வளவு துல்லியமான தரவு வந்துவிட்டால் எளிமையாக்கும் வேலையே இருக்காது என்று தோன்றலாம். நடப்பது நேர் எதிர். தரவு நுணுக்கமாக ஆக, அதைத் திரைக்கும் தாளுக்கும் ஏற்றவாறு சுருக்கும் வேலை கூடும். ஒவ்வொரு வயல் வரப்பும் கல்குவாரிக் குழியும் தெரியும் தரவில் இருந்து, ஒரு மாவட்டத்தின் மலைகளைக் காட்டும் படத்தைக் கையால் வரைய முடியாது. அதை அல்காரிதம்தான் செய்யும். ஜிஐஎஸ், டேட்டா சயின்ஸ் துறைகளில் இருப்பவர்களுக்கு இது வேலை வாய்ப்பும்கூட.

அடுத்த முறை மேப் பார்க்கும்போது

ஒரு வரைபடத்தை நம்பி முடிவெடுக்கும் முன் நான்கு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

- ஸ்கேல் என்ன? உங்கள் கேள்வி 20 மீட்டர் அளவிலானது என்றால், 1:2,50,000 வரைபடத்தில் பதில் இருக்காது. திரையில் ஜூம் செய்தால் படம்தான் பெரிதாகும், தரவு கூடாது.
- காண்டூர் இடைவெளி என்ன? அந்த இடைவெளியைவிடச் சிறிய மேடும் பள்ளமும் உங்கள் கண்ணில் படாமலே போகலாம். ட்ரெக்கிங் போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.
- உயரத் தரவு எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு? 2000-ல் அளந்த தரவில், அதற்குப் பிறகு வெட்டிய சாலையோ குவாரியோ இருக்காது.
- மென்மையாக்கப்பட்டதா? நீங்களே கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருளில் வேலை செய்பவர் என்றால், எந்த முறை, எந்த வரம்பு என்பதை அறிக்கையில் எழுதிவையுங்கள். உங்களுக்குப் பின் அந்தத் தரவை எடுப்பவர் அதை நிஜ உயரம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

சர்வே ஆஃப் இந்தியாவின் ஆன்லைன் தளத்தில் பதிவு செய்தால், 1:50,000 ஓப்பன் சீரிஸ் டோப்போஷீட்டுகளைப் பார்க்கலாம். உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு மலைப்பகுதியின் ஷீட்டை எடுத்து, போனில் உள்ள மேப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத குன்று ஒன்றாவது அகப்படும். அது ஏன் விடுபட்டது என்று கேட்கத் தொடங்கினால், வரைபடத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.